தலைப்பு 3703

ஜூலை 4, வியாழன்

தேறிவிட்டேன்! எழுத்துத் தேர்வில் தேறிய ஆறு பேரில் நான் ஒருத்தி, அதிலும் ஒரே பொம்பளை. வாய்மொழித் தேர்வு 29ஆம் தேதி, இங்கேயே தூத்துக்குடி சுங்க அலுவலகத்தில். அதுவரை தினமும் நாலு வரியாவது எழுதுவது என்று இந்த நோட்டை ஆரம்பித்திருக்கிறேன். எழுதினால்தான் எனக்கு மண்டையில் நிற்கும்.

பத்தொன்பது வருடமாக சொர்ணராஜ் அண்ணாச்சி ஆபீசில் குப்பை கொட்டுகிறேன். கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கத்தில் பில் போட்டு, வரி கட்டி, பெட்டியை வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். வேலை என்னுடையது, லைசென்ஸ் அண்ணாச்சி பெயரில். அந்த வாய்மொழித் தேர்வையும் தாண்டிவிட்டால் என் பெயரிலேயே லைசென்ஸ் கிடைக்கும். ‘தங்கபுஷ்பம் அருள்தாஸ், சுங்க முகவர்’ என்று ஒரு போர்டு. நோட்டின் பின்னட்டையில் ஒரு தடவை எழுதிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவங்களிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். “போர்டுல எம்பேரு எதுக்குட்டி? ஐஸ் கம்பெனிக்காரன் பேரப் பாத்தா மீன் யாவாரின்னுல்லா நெனப்பாவ” என்றார். சிரித்துக்கொண்டே போய் ஒரு கிலோ மக்ரூன் வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார்.

ஜூலை 5, வெள்ளி

நாலு பில். காலையில் பயறு, பிறகு மரம், பிறகு பழைய இரும்பு. கடைசியாக நாகர்கோவில் செல்வின் என்பவருக்கு முப்பது பெட்டி போட்டோ பேப்பர். அவருக்கு இதுதான் முதல் இறக்குமதி. புதுப் பார்ட்டி என்றாலே ஆயிரம் கேள்வி கேட்பார்கள். போன் செய்து ஏதோ மருந்து, பூச்சு என்று இழுத்தார். கையில் வேலை கிடந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மதுரை ஸ்டூடியோக்காரருக்குப் பன்னிரண்டு வருடமாகப் போட்டோ பேப்பர் இறக்குகிறோம். அவருடைய பழைய பில்லை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி அடித்தேன். சுங்க வரிப் பட்டியலில் தலைப்பு 3703. செல்வின் பெட்டி வரும் நாட்டுச் சரக்குக்கு அந்தத் தலைப்பில் வரிச் சலுகை உண்டு. அதையும் கேட்டுப் போட்டாயிற்று. பத்து நிமிட வேலை.

மிக்ஸி பிளேடு மறுபடியும் உடைந்துவிட்டது.

ஜூலை 8, திங்கள்

வேதமூர்த்தி என்று புது அப்ரைசர் வந்திருக்கிறார். சென்னைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். சரக்கு என்ன, எந்தத் தலைப்பு, எவ்வளவு வரி என்று முடிவு செய்கிற நாற்காலி அவருடையது. செல்வின் பில்லை நிறுத்திவைத்துவிட்டார்.

“பூச்சுப் பூசின பேப்பர்னு இன்வாய்ஸ்ல இருக்கு. நீங்க 3703ன்னு போட்டிருக்கீங்க. அது வெளிச்சம் பட்டா கறுக்கிற பேப்பருக்கு உள்ள தலைப்பு. மருந்து இல்லாத சாதாரணப் பூச்சுன்னா 4810. சலுகையும் கிடையாது. பெட்டியைப் பிரிச்சுக் காட்டுங்க.”

எனக்கு வந்ததே கோபம். “சார், போட்டோ பேப்பரைப் பிரிச்சா அவ்வளவுதான். வெயிலு பட்ட நிமிசம் முப்பது பெட்டியும் குப்பைக்குத்தான் போவும். அப்புறம் பார்ட்டிக்கு நீங்க பதில் சொல்லுவியளா?”

“கத்தாதீங்கம்மா. எழுதிக் கொடுங்க.”

எழுதித்தானே கொடுக்கணும்? எழுதுகிறேன். நேற்று வந்த பிள்ளை எனக்குப் போட்டோ பேப்பர் சொல்லிக் கொடுக்கிறது!

ஜூலை 9, செவ்வாய்

மூன்று பக்கக் கடிதம் தயார். மதுரைக்காரரின் பன்னிரண்டு வருட பில்களையும் நகல் எடுத்து இணைத்தேன். வாசித்துவிட்டு அண்ணாச்சி, “எம்மா, இது சுப்ரீம் கோர்ட்டுக்கே தாங்கும்” என்றார்.

செல்வின் மூன்று முறை போன் செய்திருக்கிறார். சண்டை நடக்கும்போது பார்ட்டியோடு பேசிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. நாலாவது முறை எடுத்து, “தம்பி, நீங்க ஒண்ணும் பேசாண்டாம். உங்க பேப்பர்ல ஒரு பொட்டு வெளிச்சம் பட விடமாட்டேன்” என்றேன். “இல்லக்கா, அதுல வெளிச்சம் பட்டாலும்...” என்று ஆரம்பித்தார். லாரி ஹாரன் அடித்தது. பிறகு பேசுகிறேன் என்றேன்.

ஜூலை 11, வியாழன்

ஜெயித்துவிட்டேன்.

வேதமூர்த்தி என் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். “சரிம்மா. கிடங்குல ஒரு ரூமை இருட்டு பண்ணுங்க. உள்ளே வச்சு ஒரே ஒரு தாள் எடுப்போம். அதை மட்டும் வெயில்ல காட்டுவோம். கறுத்துதுன்னா இன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்.” நியாயமான மனுஷன்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு என்று முடிவாயிற்று.

ஜூலை 12, வெள்ளி

குழாயில் தண்ணீர் வந்தது, ஆறு நாளைக்குப் பிறகு. எல்லாப் பானையும் நிறைந்தது. படிக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

கையோடு எழுதிவிடுகிறேன்.

கிடங்கில் பழைய சாமான் போடும் அறை ஒன்று. ஜன்னலுக்குச் சாக்கு, கதவிடுக்குக்கு என் சேலைத் துணி, மேலே ஓட்டுச் சந்துக்குத் தார்ப்பாய். எட்டு மணிக்கே போய் நானே ஏணியில் ஏறி அடைத்தேன். உள்ளே நின்று பார்த்தால் என் கை எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான இருட்டு. சிவப்புப் பல்பு ஒன்று கிடைத்தால் போடலாமே என்றார் வேதமூர்த்தி. வேண்டவே வேண்டாம், ரிஸ்க் என்றேன்.

இரண்டு பேரும் உள்ளே போனோம். பெட்டியைத் தடவித் தடவிக் கத்தியால் கிழித்தேன். மதுரைக்காரர் பெட்டியில் எப்போதும் கறுப்புப் பிளாஸ்டிக் உறை இரட்டையாக இருக்கும். சேதமான பெட்டி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். இதில் கைக்குப் பிளாஸ்டிக் தட்டவே இல்லை. சொரசொரப்பாகச் சாதாரண காக்கித்தாள்தான் இருந்தது. இருட்டிலேயே எனக்கு வேர்த்தது. கம்பெனிக்குக் கம்பெனி உறை மாறும் என்று சொல்லிக்கொண்டேன், வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது. “என்னம்மா?” என்றார் அவர். “ஒண்ணுமில்ல சார்.”

ஒரு தாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தோம். முற்றத்தில் ஜூலை மாத வெயிலும் உப்புக் காற்றும். தாளைத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, நடுவில் என் அடையாள அட்டையைக் கழற்றி வைத்தேன். அட்டைக்குக் கீழே வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வர வேண்டும்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். லோடுமேன்கள் எல்லாம் வந்து நின்றுவிட்டார்கள். “எக்கா, அப்பளமா காயப் போட்டிருக்கிய?” என்று ஒருத்தன் கேட்டான். அரை மணி நேரம் கழித்து வேதமூர்த்தியே குனிந்து அட்டையை எடுத்தார். அட்டை இருந்த இடமும் வெள்ளை. சுற்றிலும் அதே வெள்ளை. பல் விளக்கின மாதிரி அப்படி ஒரு வெள்ளை.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, “மதியம் ஆபீசுக்கு வாங்க” என்றார்.

ஜூலை 16, செவ்வாய்

யாரைச் சொல்ல? இன்வாய்ஸில் ‘மருந்தில்லாதது’ என்று ஒரு வார்த்தை சேர்க்காத அந்த வெளிநாட்டுக் கம்பெனியைச் சொல்வதா, ஒழுங்காக வாய் திறந்து பேசத் தெரியாத செல்வினைச் சொல்வதா? விஷயம் தெரிந்த ஆள் நாகர்கோவிலிலிருந்து ஒரு பஸ் ஏறி வந்து சொல்லியிருக்கலாமே?

வேதமூர்த்தி சொன்னது இது. தலைப்பு தவறு என்றால் திருத்திக்கொள்ளலாம். ஆனால் தவறான தலைப்பில் சலுகையும் கேட்டிருக்கிறோம். தெரிந்தே பொய்யாக அறிவித்தார் என்று செல்வின் மேல் விசாரணை. 23ஆம் தேதி நேரில் வர வேண்டும். முதல் சரக்கிலேயே அப்படி ஒரு முத்திரை விழுந்தால், இனி அந்த ஆள் ஒரு குண்டூசி இறக்கினாலும் பெட்டி பெட்டியாகப் பிரித்து மேய்வார்கள்.

அண்ணாச்சி என்னை உள்ளே கூப்பிட்டார். “பார்ட்டி சொன்னபடிதான் தலைப்புப் போட்டோம்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துரு. நமக்கு வேலை முடிஞ்சுது. உனக்கு 29ந்தேதி இருக்கு, இந்த நேரத்துல உம்பேரு எதுலயும் அடிபடக் கூடாது பாத்துக்கோ.”

ஜூலை 17, புதன்

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. எல்லா ஆபீசிலும் செய்வதுதான்.

ஜூலை 18, வியாழன்

வாய்மொழித் தேர்வுக்குப் படிக்க வரித் தலைப்புகளின் விளக்கக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். 37ஆவது அத்தியாயத்தில் நானே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பேரியம் சல்பேட் போன்றவை பூசியிருந்தாலும் ஒளியுணர் மருந்து சேராத தாள் 3703இல் வராது, 48ஆம் அத்தியாயத்துக்குப் போகும். பக்க ஓரத்தில் ‘முக்கியம்’ என்று வேறு எழுதியிருக்கிறேன்.

எழுத்துத் தேர்வில் இந்தக் கேள்வி வந்தது. அரைப் பக்கம் எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெத்திலி ஆய்ந்தேன். குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். இவங்க ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அதுவே எரிச்சலாக இருந்தது.

ஜூலை 20, சனி

செல்வின் வந்தார். நான் நினைத்த மாதிரி இல்லை. நாற்பது வயது, ஒல்லி, சட்டைப் பையில் நாலு பேனா. வரும்போதே நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம். மருந்தில்லாத தாளை வரவழைத்து, அதன் மேல் தானே மருந்து பூசி, கண்காட்சிக்குப் படம் போடுகிறவர்களுக்கு விற்கப் போகிறாராம். மருந்துக் கலவையை இரண்டு வருடமாகச் செய்து செய்து பார்த்து இப்போதுதான் சரியாக வந்திருக்கிறதாம். ஐந்தே நிமிடத்தில் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டார். வாய் திறந்து பேசத் தெரியாதவர் என்று நாலு நாளைக்கு முன்னால் எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி இல்லாத நேரம். அவர் கேட்டார், “எக்கா, நோட்டீசுல நான் தெரிஞ்சே பொய் சொன்னேன்னு இருக்கு. நான் போன்ல மருந்து கெடையாதுன்னு சொன்னம்லா? அத அவங்ககிட்ட சொல்லலாமா, இல்ல சொன்னா உங்களுக்கு எதுவும் பிரச்சினை வருமா?”

கேட்ட விதத்தில் குத்தல் ஒன்றும் இல்லை. நிஜமாகவே கேட்டார். அவர் சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டு அனுப்பியிருப்பேன். “விசாரணை அன்னைக்குப் பாப்போம் தம்பி” என்றேன். என் கடிதம் ஏற்கெனவே அங்கே பைலில் இருக்கிறது என்று சொல்லவில்லை.

சிப்ஸ் பொட்டலத்தை ஆபீசிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

கோவிலுக்குப் போய்வந்து, துணி துவைத்து, மத்தியானம் இவங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த ஆளு போன்ல சொன்னாரா இல்லியா?”

“சொன்னாரு.”

“நீ கேட்டியா?”

“காதுல விழுந்துச்சு. கேக்கல.”

“அப்ப எங்கிட்ட எதுக்குட்டி சொல்லிக்கிட்டிருக்க? சொல்ல வேண்டிய எடம் வேறல்லா” என்று நகவெட்டியை மடித்தார். இந்த மனுஷனுக்கு ஆறுதல் சொல்லவே வராது. இருபது வருடமாக இதே பாடுதான்.

பத்தொன்பது வருடம். அந்தப் போர்டை எந்த எழுத்தில் எழுதுவது என்றுகூட யோசித்துவைத்திருக்கிறேன். எனக்கு வேண்டும் அந்த லைசென்ஸ். யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்காமல் ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது, என் பெயரில் பில் போட வேண்டும். அழுகையாக வந்தது, அழுதேன்.

ஜூலை 23, செவ்வாய்

பத்தரை மணிக்கு விசாரணை. வேதமூர்த்தி, டைப் அடிக்க ஒருத்தர், செல்வின், நான். அண்ணாச்சி வரவில்லை. “கடுதாசி பேசும்” என்று சொல்லியனுப்பினார்.

வேதமூர்த்தி என் கடிதத்தை வாசித்துக் காட்டினார். “இறக்குமதியாளர் கொடுத்த தகவலின்படியே தலைப்பு குறிப்பிடப்பட்டது.” செல்வின் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். “இதுக்கு என்ன சொல்றீங்க?” என்று கேட்டதற்கு, “எனக்குச் சட்டம் தெரியாது சார்” என்றார்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் அந்த மனுஷன் தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்! எனக்கு அங்கேயே எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. எழுந்துவிட்டேன்.

“சார், அந்தக் கடுதாசி பொய்.”

டைப் அடிப்பவர் நிறுத்திவிட்டார்.

“இவரு அஞ்சாந்தேதி போன் பண்ணி மருந்து கெடையாதுன்னு சொன்னாரு. நாந்தான் காதுல போட்டுக்கிடல. மதுரைக்காரரோட பழைய பில்ல எடுத்துத் தேதிய மாத்தி அடிச்சேன். சலுகை கேட்டதும் நாந்தான். இவருக்கு 3703ன்னா என்னன்னே தெரியாது.”

வேதமூர்த்தி பேனாவை மூடிக் கீழே வைத்தார். “உக்காருங்கம்மா. உங்களுக்கு இருபத்தொன்பதாம் தேதி ஓரல் இருக்கு இல்ல? இதை வாக்குமூலமா பதிஞ்சா காப்பி மேல போகும். தேர்வு போர்டும் பார்க்கும். தண்ணி குடிச்சிட்டு, யோசிச்சுச் சொல்லுங்க. நான் பத்து நிமிஷம் வெளியே போயிட்டு வரேன்.”

“போவாண்டாம் சார். யோசிச்சா மாத்திச் சொல்லிருவேன். இப்பமே அடிங்க.”

அடித்தார்கள். ஒன்றரைப் பக்கம் வந்தது. வாசித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து நன்றாகத்தான் விழுந்தது.

வெளியே வந்ததும் செல்வின், “எக்கா, டீ குடிப்போமா?” என்றார். குடித்தோம். இரண்டு டீக்கும் நான்தான் கொடுத்தேன்.

ஜூலை 24, புதன்

அண்ணாச்சி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. மதியம் பேசினார், பேசாமலே இருந்திருக்கலாம். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? ஆபீசு பேரு என்னாகும்னு நெனச்சியா? வெளங்காத வேலை பாத்துட்டு வந்து நிக்கியே!” நான் தலை குனியவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பொய்க் கடிதம் எழுதச் சொன்னதில் இல்லை.

செல்வின் மேல் பொய் அறிவிப்புக் குற்றம் கைவிடப்பட்டது. 4810இல் திருத்தி, முழு வரியையும் கட்டி, சாயங்காலம் முப்பது பெட்டியும் லாரி ஏறின. பிரித்த பெட்டிக்கு நானே டேப் ஒட்டினேன்.

ஜூலை 26, வெள்ளி

பனிமய மாதா கோவில் கொடியேற்றம். பீச் ரோட்டில் கால் வைக்க இடம் இல்லை. ஆபீசுக்கு நடந்தே போனேன். போகும்போதே அத்தியாயம் 84, 85 சொல்லிப் பார்த்தேன். எது வந்தாலும் தேர்வுக்குப் போவேன். வரவேண்டாம் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 29, திங்கள்

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆறு கேள்விக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னேன். நடுவில் இருந்தவர் ஒரு தாளைப் புரட்டினார். தலைகீழாக இருந்தாலும் என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

“இந்த வாக்குமூலம் உங்களுடையதா?”

“ஆமா சார்.”

“பத்தொன்பது வருஷ அனுபவம்னு விண்ணப்பத்துல இருக்கு. பூச்சுப் பேப்பருக்குத் தலைப்பு தெரியலையா?”

“தெரியும் சார். பாக்கல.”

அவர் அந்தத் தாளைக் கோப்பில் வைத்தார். பிறகு நன்றி, போகலாம் என்றார். கதவைச் சாத்தும்போது உள்ளே என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். நாலு பெயர். என் பெயர் இல்லை. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் வாசித்தேன். காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை, எழுதவும் மாட்டார்கள்.

சுங்க அலுவலகக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். முகம் கழுவி, ஆபீசுக்கு வந்து, பருப்புக் கண்டெய்னர் இரண்டுக்குப் பில் போட்டேன். சாயங்காலம் இவங்க பிரியாணி வாங்கிவந்து வைத்திருந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. முழுதாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

அடுத்த தேர்வுக்கான அறிவிப்பு வந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து, எழுத்துத் தேர்வு உட்பட. மத்தியானமே விண்ணப்பம் வாங்கிவந்து நிரப்ப உட்கார்ந்தேன். அண்ணாச்சி பேசுகிறார் இப்போது. என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினான்காவது கட்டம். ‘தவறான அறிவிப்புத் தொடர்பான விசாரணை எதிலேனும் விண்ணப்பதாரர் சம்பந்தப்பட்டதுண்டா? ஆம் / இல்லை. ஆம் எனில் விவரம்.’

பேனா நின்றுவிட்டது.

“இல்லைன்னு போடு” என்றார் அண்ணாச்சி. “வெசாரணை பார்ட்டி மேலதான? உம்மேல கெடையாதே. அதையும் முடிச்சுட்டாவ. நீ இல்லைன்னு போட்டா பொய்யே கெடையாது. எந்தக் கோர்ட்டுலயும் நிக்கும்.”

அவர் சொன்னது சரிதான். நானும் மனசுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் ‘ஆம்’ மேல் வட்டம் போட்டேன். விவரத்துக்கு ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். ‘பூச்சுத் தாளுக்குத் தலைப்பு 3703 என்று தவறாகப் போட்டது நான், சரியானது 4810’ என்று பொடி எழுத்தில் எழுதினேன்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விண்ணப்பத்தைக் கையில் வாங்கினார். அந்தக் கட்டத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். “அடங்காத பிறவிட்டீ நீ” என்றார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ‘விண்ணப்பதாரரின் நேர்மைக்குச் சான்றளிப்பவர்’ என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.